டர்னிட்டினில் நாலு சதவீதம் வந்தாலும் திருட்டு திருட்டுதான்

இந்த செமஸ்டரிலும் ஒரு தம்பி, கட்டுரையில் காப்பி அடித்ததாக வந்த விசாரணைக் கடிதத்தோடு வந்து உட்கார்ந்தார். மதுரைப் பக்கத்திலிருந்து எம்.பி.ஏ. படிக்கக் கோலாலம்பூர் வந்து, பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர். கணக்கில் கெட்டி, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணும் நன்றாகவே இருந்தது. "சார், டர்னிட்டின்ல நாலு சதவீதம்தான் வந்துச்சு. அப்புறம் எப்படி காப்பின்னு சொல்றாங்க?"

மேற்படிப்பு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதப் பயிற்சி கொடுக்கும் எனக்கு இந்தக் கேள்வி அலுத்தேவிட்டது.

டர்னிட்டின் என்பது கட்டுரைகளை ஒப்பிடும் மென்பொருள், அது திருட்டைக் கண்டுபிடிப்பதில்லை. உங்கள் வரிகள் இணையப் பக்கங்களோடும் ஆய்விதழ்களோடும் மற்ற மாணவர்களின் பழைய கட்டுரைகளோடும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று மட்டும் சொல்லும். முறையாக மேற்கோள் போட்டதும் அதில் சேரும். வடிகட்டாவிட்டால் நூற்பட்டியலும் சேரும். அதனால் 25 சதவீதம் வந்த கட்டுரை நேர்மையானதாக இருக்கலாம். 4 சதவீதம் வந்தது முழுக்க இன்னொருவர் சிந்தனையாக இருக்கலாம். யாருடைய கருத்து என்று சொல்லாமல் எடுத்தால், எத்தனை தடவை சொல்லை மாற்றினாலும் அது அவருடைய கருத்துதான். சொல் மாற்றும் மென்பொருள் 'வொர்க்கிங் கேப்பிட்டலை' (நடைமுறை மூலதனம்) 'லேபரிங் கேப்பிட்டல்' ஆக்கி வைத்தால், நிதி மேலாண்மை விரிவுரையாளர் கண்ணில் படாமல் போகுமா?

இப்படி மாட்டிக்கொள்ளும் மாணவர்கள் சோம்பேறிகள் இல்லை. ஐஇஎல்டிஎஸ் கட்டுரைக்கு 250 சொல்லில் சொந்தக் கருத்து போதும், யாரையும் மேற்கோள் காட்ட வேண்டாம். இங்கே வந்ததும் 3,000 சொல், வாதத்துக்கு வாதம் ஆதாரம்! அந்தப் பழக்கத்தை அந்தத் தேர்வு கொடுப்பதில்லை.

என்ன செய்யலாம்? ஒரு பகுதியைப் படியுங்கள், மூடிவையுங்கள். இங்குள்ள மாமாக் உணவுக்கடையில் தே தாரிக் (ஆற்றிய பால் டீ) குடிக்கும்போது நண்பரிடம் அதைத் தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லையா? புரியவில்லை, திரும்பப் படியுங்கள். வந்தால் எளிய ஆங்கிலத்தில் எழுதி, அங்கேயே ஆசிரியர் பெயரும் ஆண்டும் போடுங்கள். கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் போடவே மாட்டீர்கள். மூன்றாவது வாரமே வரைவோடு விரிவுரையாளரைப் பாருங்கள். 'அசைன்மென்ட் எழுதித் தருகிறோம்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் பதிலே போடாதீர்கள்.

உங்கள் ஸ்டூடண்ட் பாஸ், அதாவது மாணவராக மலேசியாவில் தங்கும் அனுமதி, இந்தப் படிப்பை நம்பித்தான் இருக்கிறது. படிப்பு போனால் அதுவும் போகும், ஊரில் வாங்கிய கல்விக்கடன் மட்டும் நிற்கும்.

கடிதம் வந்துவிட்டதா? ஒளியாதீர்கள். குறிப்புகள், பழைய வரைவுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு விசாரணைக்குப் போங்கள். அதற்கு முன் வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.