இருபது வரை சொல்லும் பிள்ளைக்கு மூன்று தெரியுமா?

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் மூன்றரை வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒன்று முதல் இருபது வரை தடங்கலில்லாமல் சொல்லிக் காட்டுவாள். ஒருநாள் அவளுடைய அம்மம்மா தண்ணீர்ப் போத்தல் மூடிகளைத் தட்டில் கொட்டி, "அம்மம்மாவுக்கு மூண்டு மூடி தாங்கோ குஞ்சு" என்று கேட்டார். பிள்ளை இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தாள். "ரெண்டு தாங்கோ" என்றபோது மட்டும் சரியாக இரண்டைப் பொறுக்கி வைத்தாள்.

அம்மம்மாவின் முகம் வாடிவிட்டது. உண்மையில் பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறாள். இதே மாதிரி "இத்தனை தா" என்று கேட்டுப் பார்த்த ஆய்வை உளவியலாளர் கேரன் வின் 1990இல் வெளியிட்டார். பிள்ளைகளுக்கு முதலில் 'ஒன்று' என்ற சொல்லின் அளவு மட்டும் விளங்கும். சில மாதங்கள் கழித்து இரண்டு, அப்புறம் மூன்று. பிறகுதான் பெரிய விஷயம் பிடிபடும்: எண்ணி முடிக்கும்போது கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தத் தொகை. அது பிடிபட்டால் ஐந்து, ஆறு, ஏழு என்று மேலே போவது சுலபம். அதுவரை இருபது வரை சொல்வது ஒரு பாட்டு மாதிரித்தான்.

அந்தப் பாட்டை எண்ணிக்கையாக்குவதில் கைக்குப் பெரிய பங்கு உண்டு. பயிற்சிப் புத்தகத்தில் உள்ள வாத்துப் படங்களை எண்ணச் சொல்லிப் பாருங்கள். விரல் ஒரு வேகத்தில் ஓடும், வாய் இன்னொரு வேகத்தில் ஓடும். ஒரு வாத்து விடுபடும், இன்னொன்று இரண்டு தரம் எண்ணப்படும். அதே பிள்ளையிடம் இட்லித் தட்டைக் கொடுத்து, குழிக்கு ஒரு மூடியாக வைக்கச் சொல்லுங்கள். ஒரு மூடியை எடுத்து வைக்கும் நேரத்தில் ஒரு சொல்தான் சொல்ல முடியும். எது எண்ணியது, எது எண்ணாதது என்று நினைவில் வைத்திருக்கும் சுமையைத் தட்டே ஏற்றுக்கொள்கிறது. முடிந்ததும் நீங்கள் "ஒன்று, இரண்டு, மூன்று... மூன்று மூடி" என்று தொகையைத் திரும்பச் சொல்ல வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். (மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வாய்க்குள் போகாத பெரிய பொருட்களையே கொடுங்கள்.)

அடுத்தது கட்டம் தாண்டும் விளையாட்டு. உளவியலாளர்கள் கீதா ரமணியும் றொபர்ட் சீக்லரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள் 1 முதல் 10 வரை நேராக வரைந்த கட்டங்களில் காய் நகர்த்தினார்கள். ஏறக்குறைய 15 நிமிடமாக நாலு தடவை, அவ்வளவுதான். எது பெரிய எண் என்று சொல்வதிலும் எண்களை அடையாளம் காண்பதிலும் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்தும் அது நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதிலாக நிறம் இருந்த பலகையில் விளையாடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எட்டுக்குப் போக இரண்டைவிட அதிக தூரம் கை நகர வேண்டும், அதிக சொற்கள் சொல்ல வேண்டும், அதிக நேரமும் பிடிக்கும். எட்டு பெரியது என்பது இப்படிப் பல வழியிலும் உள்ளே போகிறது.

பால்மாப் பெட்டி அட்டையில் இந்தப் பலகையை நீங்களே வரையலாம். பாம்பும் ஏணியும் பலகையில் வரிகள் திரும்பித் திரும்பிப் போவதால், தொடக்கத்துக்கு நேர்கோடுதான் நல்லது. ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும்: காய் நாலாவது கட்டத்தில் இருக்கும்போது இரண்டு விழுந்தால் "ஒன்று, இரண்டு" என்று நகர்த்த விடாதீர்கள். "ஐந்து, ஆறு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லியே நகர்த்த வேண்டும். பலன் அதில்தான் இருக்கிறது.

எங்கள் சிறுமிக்கு இப்போது லிப்ட்தான் பலகை. பொத்தான்கள் கீழிருந்து மேலாக வரிசையாக இருக்கின்றன. மூன்றாம் மாடியில் கதவு மூடியதும், "நாலு, ஐஞ்சு" என்று தானே சொல்லிக்கொண்டு, ஐந்தில் கதவு திறக்கும்போது அம்மம்மாவின் கையை இழுக்கிறாள்.