பேய்ப்படம் உங்களுக்குச் சலித்திருக்கலாம், நாலு வயசுப் பிள்ளைக்கு இல்லை

பெரிய பேய்ப்படம் ஒன்று வந்துவிட்டால் அடுத்த சில வாரங்களுக்கு என்னிடம் வரும் குழந்தைகளின் கதை ஒரே மாதிரி இருக்கிறது. தனியாகப் படுக்க மாட்டேன் என்கிறான், பாத்ரூம் கதவைச் சாத்த விடமாட்டேன் என்கிறாள், நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வந்துவிட்டது. ஈரோட்டில் குழந்தைகள் மனநலம் பார்க்கிற எனக்கு இதெல்லாம் பழக்கம்தான். சமீபத்தில் வந்த நாலு வயதுப் பெண்குழந்தை, அம்மா குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தால் அலறிக்கொண்டு அப்பத்தா பின்னால் ஒளிகிறாள். என்ன படம் பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு அப்பா சொன்ன பதில்தான் என்னை எழுத வைத்தது. "அது காமெடிப் படமுங்க டாக்டர். இப்பெல்லாம் எங்கீங்க பேய்ப்படம் எடுக்கறாங்க? அந்தக் காலத்துப் படத்துல இருந்த பயம் இதுல எங்கீங்க இருக்குது? பாப்பா சிரிச்சுட்டுத்தானுங்க பாத்துச்சு."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பேய்ப்படங்களின் தரம் இறங்கிவிட்டதா என்பது பெரியவர்கள் டீக்கடையில் பேசவேண்டிய விஷயம், நான்கூடப் பேசுவேன். 'யார்' (1985), 'மை டியர் லிசா' (1987), 'உருவம்' (1991) பார்த்துத் தூக்கம் தொலைத்தவர்கள், 2011-ல் 'காஞ்சனா' வந்ததற்கு அப்புறம் பேயும் சிரிப்பும் கலந்து வரிசையாக வந்த படங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் 'யாவரும் நல'மும் 'ஈர'மும் வந்தது 2009-ல்தான், 'பிசாசு' 2014-ல், 'டிமான்ட்டி காலனி' 2015-ல். எடுக்கத் தெரிந்தவர்கள் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பழைய படங்களைப் பார்த்தபோது உங்களுக்கு எட்டு வயதோ பத்து வயதோ இருந்திருக்கும். இன்றைக்கு இசை அடங்கினாலே அடுத்து என்ன வரும் என்று உங்களுக்குத் தெரிகிறது. அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு மடியில் இருக்கும் குழந்தைக்கும் பயமில்லை என்று முடிவுகட்டுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் காமெடி ஒரு பக்கம், பேய் ஒரு பக்கம். ஒன்று இன்னொன்றை அழிப்பதில்லை. சிரிப்பு வந்த இடத்தில் சிரித்தாள், நிஜம். முகம் மாறிய இடத்தில் பயந்தாள், அதுவும் நிஜம். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தது இரண்டாவதை. 1980களில் அமெரிக்காவில் ஜோன் கேன்டர் என்ற ஆய்வாளரும் அவருடைய சக ஆய்வாளரும், சாதாரண மனிதன் அரக்கனாக மாறும் ஹல்க் தொடரைக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். மாறியபிறகும் அவன் நல்லவன்தான், ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றத்தான் வருகிறான். ஆனால் மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகள் அவன் உருவம் மாறியதற்கு அப்புறம்தான் அதிகம் பயந்தார்கள். சின்னக் குழந்தைக்குக் கண்ணில் படும் உருவம்தான் முதலில், கதை அப்புறம்.

இப்போது நம் படங்களை யோசித்துப் பாருங்கள். பேய் தனியாக வருவது குறைவு. அண்ணன் உடம்பிலும் அண்ணி உடம்பிலும் புகுந்துகொண்டு, கண்ணை உருட்டி, குரல் மாறிப் பேசுகிறது. அவர்கள் மாறினால் அம்மாவும் மாறலாம் இல்லையா? அந்தக் குழந்தையின் கணக்கு இதுதான். தலைமுடி அவிழ்ந்த அம்மாவைப் பார்த்து அவள் அலறியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பட்டப்பகலில் அவள் கையிலேயே சீப்பைக் கொடுத்து, அம்மா தலையை அவளே வாரிவிடச் சொன்னோம். அவசரப்படாமல், அவள் விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடர்ந்தார்கள், மெல்லச் சரியானது.

பழைய படத்திலும் பேய் புகுந்தது, 'பிள்ளை நிலா'வில் (1985) குழந்தை உடம்பிலேயே புகுந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்துக்கு ஒரு முடிவு இருந்தது, பேய் அடங்கியதையும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனோம். இன்றைக்கு அதே மாதிரிக் காட்சி முப்பது விநாடித் துண்டாக, தலையும் வாலும் இல்லாமல் போனில் வருகிறது. சோறு ஊட்டுவதற்காக நீங்கள் கொடுத்த போன்தான் அது.

சொல்லியே ஆகவேண்டிய சில விஷயங்கள். தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள். 2024 நவம்பரிலிருந்து யுஏ (பிள்ளைகள் பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கவேண்டிய படம்) என்பதை வயதுவாரியாக 7+, 13+, 16+ என்று பிரித்துத் தருகிறார்கள். 'ஏ' படத்துக்கு 18 வயது ஆகாதவர்களை விடக்கூடாது என்பது சட்டம், ஆனால் யுஏ வெறும் அறிவுரை. தியேட்டர்காரர் உங்களைத் தடுக்கமாட்டார், நீங்கள்தான் தடுக்கவேண்டும். வாரம் முழுக்கத் தறியிலும் பனியன் கம்பெனியிலும் நின்றுவிட்டு, சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் ஒரு படம் பார்க்க ஆசைப்படுவது தப்பே இல்லை. போய்வாருங்கள், பிள்ளையை அம்மாயி வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். கண்ணை மூடிக்கொள் என்று சொல்லி உட்கார வைக்காதீர்கள், பாதிப் பயம் காது வழியாக வருகிறது. எழுந்து வெளியே வந்துவிடுங்கள், டிக்கெட் காசு போனால் போகட்டும்.

"ஆம்பளப் பையன் பயப்படலாமாடா" என்று சிரிக்கவே சிரிக்காதீர்கள். சாப்பிடாவிட்டால் முனி பிடித்துக்கொள்ளும் என்று மிரட்டுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். கோயிலில் திருநீறு பூசிக் கூட்டிவந்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் வேப்பிலை அடித்து "பேய் ஓடிப்போயிருச்சு கண்ணு" என்று சொன்னால், இத்தனை நாள் பேய் உள்ளே இருந்தது என்று நீங்களே உறுதி சொன்னதாகிவிடுகிறது. (பெரியவர்களுக்கும் ஒன்று: 'சந்திரமுகி'யில் காட்டியது போல நாடகம் போட்டுக் குணப்படுத்தும் சிகிச்சை எங்களிடம் கிடையாது, கேட்காதீர்கள்.)

தூங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எழுந்து உட்கார்ந்து கத்தி, உங்களை அடையாளம் தெரியாமல் பார்த்து, காலையில் எதுவும் நினைவில்லை என்றால் அது கெட்ட கனவும் இல்லை, காத்துக்கருப்பும் இல்லை. ஆழ்ந்த தூக்கத்தில் வரும் மிரட்சி அது. உலுக்கி எழுப்பாதீர்கள், விழுந்து அடிபடாமல் பக்கத்தில் இருங்கள், தூக்க நேரத்தைக் கூட்டுங்கள். விடியற்காலையில் விழித்து அழுது, கண்ட கனவைச் சொல்கிற பிள்ளையை அணைத்துக்கொண்டு முழுவதையும் கேளுங்கள்.

ஒரு மாதம் தாண்டியும் பயம் போகவில்லை, பள்ளிக்கூடம் போக மறுக்கிறான் என்றால் கூட்டிவாருங்கள். படுக்கை நனைவதோடு அடிக்கடி தண்ணீர் கேட்கிறான், உடம்பும் இளைக்கிறது என்றால் ஒரு மாதமெல்லாம் காத்திருக்கவே கூடாது. பேய்ப்படம் பார்த்ததால்தான் என்று நீங்களாகவே முடிவு செய்யாமல், அன்றைக்கே சிறுநீரும் ரத்தச் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.