ரேஸில் ஓடுவது ரத்தமா, வளர்ப்பா?

2006 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இரண்டு வயது ரேஸ் குதிரைகளுக்கு ஏலம் நடந்தது. ஏலத்துக்கு முன் ஓட்டிக் காட்டியபோது ஒரு குதிரை ஒரு ஃபர்லாங்கை, அதாவது சுமார் 200 மீட்டரை, 9.8 விநாடியில் கடந்தது. வம்சாவளியில் நார்தர்ன் டான்சர், செக்ரடேரியட் என்று ஜாம்பவான்கள். போட்டி போட்டுக் கேட்டு, 1.6 கோடி டாலருக்கு எடுத்தார்கள். தி கிரீன் மங்கி என்ற அந்தக் குதிரை மூன்றே பந்தயங்களில் ஓடியது, ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. 1975-ல் வெறும் 17,500 டாலருக்குப் போன சியாட்டில் ஸ்லூவோ, 1977-ல் அதுவரை ஒரு பந்தயத்திலும் தோற்காமல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் ஒரே ஆண்டில் ஜெயித்தால் கிடைக்கும் மும்முடிப் பட்டத்தை வென்றது.

அப்படியானால் பரம்பரை பொய்யா? பொய்யில்லை. ஆனால் அது சொல்வது வேறு சேதி.

தசை அளவுக்கு மீறி வளராமல் தடுக்கும் மயோஸ்டாடின் என்ற புரதத்துக்கு ஒரு மரபணு உண்டு. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் எம்மலின் ஹில் குழு 2010-ல் ரேஸ் குதிரைகளில் அதை ஆராய்ந்தது. அந்த மரபணுவில் ஓரிடத்தில் 'சி' அல்லது 'டி' என்ற எழுத்து இருக்கும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் 'சி' வந்த குதிரைக்குச் சீக்கிரமே தசை திரளும். 1,000 முதல் 1,600 மீட்டர் வரையிலான குறுந்தூரம் அதற்குத் தோது. இரண்டும் 'டி' என்றால் 2,000 மீட்டருக்கு மேல் தாக்குப்பிடிக்கும். 'சி' ஒன்று, 'டி' ஒன்று என்று வந்தால் நடுத்தரத் தூரம். ஆக, எந்தத் தூரத்துக்கான குதிரை என்பதை இந்த மரபணு நன்றாகவே சொல்லிவிடும். அந்தத் தூரத்தில் அது முதலாவதா கடைசியா என்பதைச் சொல்லாது. ஏலத்தில் பணம் கொட்டுகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்றே நினைக்கிறேன். ஒரு குதிரை வாழ்நாளில் ஈட்டும் பரிசுப் பணத்தில் காணும் ஏற்றத்தாழ்வில் சுமார் 10 சதவீதத்துக்குத்தான் மரபணு காரணம் என்று எடின்பரோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008-ல் கணக்கிட்டார்கள்.

ஓடும் குதிரையின் உடம்புக்குள் நடப்பது எனக்கு இன்னும் தீராத வியப்பு. சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 30, 40 முறை துடிக்கும் இதயம், பாய்ச்சலில் 220-ஐத் தாண்டுகிறது. அதே நேரம் மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்திருந்த சிவப்பணுக்களைப் பிழிந்து ரத்தத்தில் விடுகிறது. ரத்தத்தில் 40 சதவீத அளவில் இருந்த சிவப்பணுப் பங்கு 60-ஐத் தாண்டிவிடும். ரத்தமே குழம்பு போலக் கெட்டிப்படும். குதிரைக்கு வாயால் மூச்சுவிட வராது, மூக்கு மட்டும்தான். நாலுகால் பாய்ச்சலில் ஒரு எட்டுக்கு ஒரு மூச்சு என்று காலும் நுரையீரலும் பூட்டிக்கொள்கின்றன. இந்த ஏற்பாடு எல்லாக் குதிரைக்கும் பிறவியிலேயே உண்டு. அதன் அளவு மட்டும் குதிரைக்குக் குதிரை மாறும். ஆஸ்திரேலியா கொண்டாடிய ஃபார் லாப்பின் இதயம் 6.2 கிலோ, சாதாரண ரேஸ் குதிரைக்கு நான்கு கிலோ சொச்சம்தான். பிறவியோடு பயிற்சியும் சேர்ந்தே இதயத்தைப் பெரிதாக்குகிறது.

வளர்ப்பின் கை பிறப்புக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 1938-ல் கேம்பிரிட்ஜில் வால்டன், ஹேமண்ட் இருவரும் பிரமாண்டமான ஷயர் இனத்தையும் குட்டையான ஷெட்லாண்ட் மட்டக்குதிரையையும் இருவழியிலும் கலந்து பார்த்தார்கள். இரண்டு வழியிலும் கலப்பு ஒன்றுதான். ஆனால் ஷயர் தாய் ஈன்ற குட்டி, ஷெட்லாண்ட் தாய் ஈன்றதைப் போல மூன்று மடங்கு எடை. 'தாயைப் போல பிள்ளை' என்பதில் தாயின் கருப்பைக்கும் பங்கு இருக்கிறது.

பிறகு எலும்பு. முழுப் பாய்ச்சலில் ஒரு முன்னங்கால் மட்டும் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு வரை தாங்குகிறது. எலும்பு தான் சுமக்கும் பாரத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் உயிருள்ள பொருள். குட்டியிலேயே புல்வெளியில் துள்ளவிட்டு, பின்னர் குறுகிய வேகப் பாய்ச்சல்களைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் அது இறுகும். அவசரப்பட்டால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வீங்கி நோகும், மீறினால் முறியும்.

அவசரத்துக்கு ஒரு காரணம் நாட்காட்டி. வட அரைக்கோளத்தில் ரேஸ் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1-தான் பிறந்தநாள். ஜனவரியில் பிறந்ததும் மே மாதம் பிறந்ததும் ஒரே நாளில் 'இரண்டு வயது' ஆகி, ஒரே பந்தயத்தில் நிற்கும். நான்கு மாத வளர்ச்சி அந்த வயதில் சின்ன விஷயமில்லை. சினைக்காலமோ 11 மாதம், ஜனவரியில் குட்டி வேண்டுமானால் பிப்ரவரியிலேயே சினைப்பட வேண்டும். அதனால் டிசம்பர் குளிரிலேயே பண்ணை லாயங்களில், பகலோடு சேர்த்து நாளுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் இருக்கும்படி விளக்கெரிக்கிறார்கள். வசந்தம் வந்துவிட்டதென்று பெட்டைக்குதிரையின் உடம்பு நம்பி, முன்கூட்டியே பருவத்துக்கு வரும்.