ட்ரோன் உங்களைப் பார்த்துத் திரும்பும்போது

திருமணங்களுக்குப் படம் எடுக்கும் தம்பி ஒருவர் சென்ற வைகாசியில் என் பயிற்சித் திடலுக்கு வந்தார். வலது கையில் கட்டு. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தையல் போட்டிருந்தார்கள். ட்ரோன் வாங்கி நான்கு மாதம் ஆகிறது என்றும், அதற்குள் இருபது திருமணங்களுக்கு மேல் பறக்கவிட்டாகிவிட்டது என்றும் சொன்னார். ஒருமுறைகூட விழவில்லையாம். விரல் அறுபட்டது இருபத்தோராவது திருமணத்தில், மண்டபத்துக்கு உள்ளே.

நடந்ததை அவர் சொல்லச் சொல்ல எனக்கு எல்லாம் புரிந்தது. மேடைக்கு எதிரே மிதந்துகொண்டிருந்த ட்ரோன் மெல்ல நகரத் தொடங்கியிருக்கிறது. அப்போது கேமரா இருக்கும் அதன் முகம் இவரைப் பார்த்து இருந்தது. அது தன்னை நோக்கி வருவதைக் கண்டதும், அப்பால் போகட்டும் என்று ரிமோட்டில் உள்ள ஸ்டிக்கை முன்னால் தள்ளியிருக்கிறார். ட்ரோனுக்கு முன்பக்கம் என்பது அதன் முகம் இருக்கும் பக்கம். அந்த முகத்துக்கு எதிரே இவர் நின்றார். தள்ளத் தள்ள அது இன்னும் வேகமாக வந்தது. கடைசி நொடியில் ரிமோட்டை விட்டுவிட்டுக் கையால் தட்டியிருக்கிறார்.

ட்ரோன் பழக வருகிறவர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கேமரா ட்ரோனும் பழக்குகிறேன், வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோனும் பழக்குகிறேன். பறக்கவிடவே தெரியாதவர்களைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. அவர்களிடம் பயம் இருக்கும், அந்தப் பயம் அவர்களைக் காக்கும். என் கவலையெல்லாம் வாங்கிய முதல் நாளே நன்றாகப் பறக்கவிட்டவர்களைப் பற்றித்தான். அன்று பறக்கவிட்டது அவர்கள் அல்லர், ட்ரோன் தானாகவே பறந்தது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

இன்றைய கேமரா ட்ரோன் ஒன்றை மேலே ஏற்றிவிட்டு இரண்டு ஸ்டிக்குகளிலிருந்தும் விரலை எடுத்தால் ஆணி அடித்தது போல் நிற்கும். சாய்வைச் சரிசெய்வது உள்ளே இருக்கும் சுழல் உணரிகள். உயரத்தைப் பிடித்து வைப்பது காற்றழுத்த மானி. இருக்கும் இடத்தைப் பிடித்து வைப்பது மட்டும் ஜிபிஎஸ்ஸின் வேலை. காற்று ஒரு முழம் தள்ளினால், தள்ளிய தூரத்தைச் செயற்கைக்கோள்களின் உதவியால் அளந்து ட்ரோன் தானே திரும்பி வருகிறது. மண்டபத்துக்குள் போனால் அந்தச் சமிக்ஞை கிடைக்காது. அப்போது வயிற்றுப் பக்கம் இருக்கும் கேமராக்கள் தரையைப் பார்த்து இடத்தைக் கணிக்க முயலும். மங்கிய வெளிச்சம், பளபளக்கும் கிரானைட் தரை என்று வந்துவிட்டால் அவையும் கைவிட்டுவிடும். அதன்பிறகு ட்ரோன் உயரத்தை மட்டும் காத்துக்கொண்டு, பனிக்கட்டியில் விட்ட தட்டுப்போல் எந்தப் பக்கமும் வழுக்கும். சுவரில் மோதித் திரும்பும் அதன் சொந்தக் காற்றே அதைத் தள்ளப் போதும். ஸ்டிக்கை விட்டாலும் நிற்காது, போன போக்கில் போய்க்கொண்டே இருக்கும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிகளால் திசைகாட்டி குழம்புவதும் உண்டு.

இருபது திருமணங்களிலும் அந்தத் தம்பியின் விரல்கள் ஒருமுறைகூட ட்ரோனை நிறுத்திப் பிடிக்கும் வேலையைச் செய்ததில்லை. இருபத்தோராவது முறை அந்த வேலை திடீரென்று அவர் விரலுக்கு வந்தது.

அதனால் என்னிடம் வருகிறவர்கள் முதல் வாரம் தங்கள் விலையுயர்ந்த ட்ரோனைப் பெட்டியிலிருந்து எடுக்கவே கூடாது. உள்ளங்கை அகலத்தில், இறக்கைகளைச் சுற்றி வளையம் உள்ள, ஜிபிஎஸ் இல்லாத சிறு ட்ரோன் ஒன்றைக் கையில் கொடுப்பேன். அது நிற்காது, நாம்தான் நிறுத்த வேண்டும். கணினி இருப்பவர்கள் லிஃப்ட்ஆஃப், வெலோசிட்ரோன் போன்ற சிமுலேட்டர்களில் ரிமோட்டை இணைத்துப் பழகலாம். திரையில் ஐம்பது முறை விழுந்தாலும் ஒரு இறக்கைகூட உடையாது. விளையாட்டுப் பொம்மை என்றும் கணினி விளையாட்டு என்றும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அப்படிச் சுளிப்பவர்களிடம் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பெரும்பாலான ரிமோட்டுகளில் இடது ஸ்டிக் ஏற்ற இறக்கத்துக்கும் முகம் திருப்புவதற்கும், வலது ஸ்டிக் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்வதற்கும். முதல் பாடம், ட்ரோனின் வால் உங்களைப் பார்த்திருக்க, தரையில் சுண்ணாம்பால் போட்ட ஒரு மீட்டர் வட்டத்துக்கு மேலே, மார்பு உயரத்தில், ஒரு நிமிடம் நிறுத்துவது. கேட்க எளிது. முதல் நாளில் பத்து நொடி நிறுத்துகிறவரே அரிது. பயம் வந்ததும் ஸ்டிக்கை விளிம்பு வரை தள்ளுகிறார்கள், பிறகு அதைச் சரிசெய்ய எதிர்விளிம்பு வரை. பெருவிரல் ஒரு அரிசியளவு நகர்ந்தால் போதும் என்பதை விரல் தானாகத்தான் கண்டுகொள்ள வேண்டும். நான் சொல்லி அது வராது.

அது கைவந்த பிறகு இடப்பக்கம் பார்த்து ஒரு நிமிடம், வலப்பக்கம் பார்த்து ஒரு நிமிடம். கடைசியாகத்தான் முகம் உங்களைப் பார்த்திருக்க நிறுத்துவது. இங்கேதான் எல்லாரும் தடுமாறுகிறார்கள், இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். ட்ரோனின் வலம் உங்கள் இடம், அதன் முன் உங்கள் பின். யோசித்துச் செய்ய நேரம் இருக்காது. மாணவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்று உண்டு: சரிகிற பந்தலுக்கு எந்தப் பக்கம் முட்டுக் கொடுப்பீர்கள்? சரிகிற பக்கம்தானே. முகம் உங்களைப் பார்த்திருக்கும்போது ட்ரோன் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள், அது நின்றுவிடும். உங்களை நோக்கி வருகிறதா? ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுங்கள், அப்பால் போகும். அந்தத் தம்பி செய்திருக்க வேண்டியது இது ஒன்றுதான். ஒன்றும் தோன்றாவிட்டால் மேலே ஏற்றிவிடுங்கள். திறந்தவெளியில் உயரம் யோசிக்க நேரம் தரும். மண்டபத்துக்குள் விசிறிகளும் தோரணங்களும் இருக்கும். அங்கே அந்த வழியும் இல்லை. மண்டபத்துக்குள் பறக்கவிடாதீர்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

திறந்தவெளியில் எதிரி காற்று. நான் இருப்பது உடுமலைப் பக்கம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்களுக்குப் பழமொழி மட்டும் அன்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஜூன் முதல் செப்டம்பர் வரை வரும் மேற்குக் காற்றை நம்பித்தான் இந்தப் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. தரையில் வேப்பிலை அசையாத நேரத்திலும் 300 அடியில் காற்று பலமாக இருக்கலாம். புதியவர்கள் காற்று போகும் திசையில் ட்ரோனை விடுகிறார்கள், அது சுகமாகப் பறந்து போகிறது. திரும்பும்போது எதிர்க்காற்றில் அதே தூரத்துக்கு மிக அதிகமான பேட்டரி வேண்டும். எப்போதும் காற்றை எதிர்த்துப் போங்கள், காற்றோடு திரும்பி வாருங்கள். பழகுவதற்கு நல்ல நேரம் விடிந்த பிறகான ஒரு மணி நேரம். நல்ல இடம் அறுவடை முடிந்த வயல் அல்லது வற்றிய ஏரி.

'வீடு திரும்பு' பொத்தானை நம்பித்தான் பலர் துணிகிறார்கள். அந்தப் பொத்தான் என்ன செய்கிறது என்று கேட்டால் பதில் வராது. அழுத்தியதும் ட்ரோன் முன்பே குறித்துவைத்த உயரத்துக்கு ஏறி, கிளம்பிய இடத்துக்கு நேர்கோட்டில் வரும். பொள்ளாச்சித் தோப்புகளில் நெட்டைத் தென்னை 70, 80 அடி இருக்கும், கைப்பேசிக் கோபுரம் அதைவிட உயரம். குறித்த உயரம் அதற்குக் கீழே இருந்தால் ட்ரோன் ஓலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தடைகளை உணரும் கேமராக்கள் மெல்லிய மின்கம்பியைக் காண்பதில்லை. போதுமான செயற்கைக்கோள்கள் கிடைத்து, கிளம்பும் இடம் பதிவாகும்வரை பொறுக்காமல் ஏற்றிவிட்டால், திரும்பி வர வேண்டிய இடமே அதற்குத் தெரியாது. புது இடத்தில் முதலில் நான் செய்வது, நின்ற இடத்தில் ஒரு முழுச்சுற்றுச் சுற்றி, கண்ணில் படும் மிக உயரமான பொருளைத் தேடி, அதற்கு மேல் 15 மீட்டர் வைத்துக் குறிப்பது. இறக்கும்போதும் ஒன்று கவனியுங்கள். செங்குத்தாக, வேகமாக இறக்கினால் ட்ரோன் தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே விழுந்து பிடி இழக்கும். சற்றுச் சாய்வாக முன்னே நகர்த்தியபடி இறக்குங்கள்.

இனி இறக்கை. பார்க்க மெல்லிய பிளாஸ்டிக். 10 அங்குல இறக்கை நிமிடத்துக்கு 6,000 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் அதன் நுனி மணிக்கு ஏறக்குறைய 290 கி.மீ. வேகத்தில் போகிறது. வெட்டுவதற்குக் கூர்மை தேவையில்லை. கையில் பிடித்து இறக்குவதைச் சிலர் பெருமையாகச் செய்து காட்டுகிறார்கள், பார்க்கிற பிள்ளைகள் அதைத்தான் முதலில் செய்து பார்க்கிறார்கள். உங்களுக்கும் ட்ரோனுக்கும் இடையே ஐந்து மீட்டர் இருக்கட்டும், பிள்ளைகள் உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கட்டும். இறக்கை மாற்றும்போது குறி பார்த்து மாட்டுங்கள். நான்கில் இரண்டு வலஞ்சுழி, இரண்டு இடஞ்சுழி. மாற்றி மாட்டினால் கிளம்பிய நொடியில் கவிழ்ந்து, நிற்கிறவர் காலை நோக்கிப் பாயும். விரல் வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். விரலை மடக்கவோ நீட்டவோ முடியவில்லை என்றாலோ, நுனி மரத்திருந்தாலோ, தசைநாணோ நரம்போ அறுந்திருக்கலாம். தையல் போட்டால் ஆறிவிடும் என்று காத்திராமல் அன்றே கை அறுவை மருத்துவரிடம் போக வேண்டும். அந்தத் தம்பி மூன்று நாள் தள்ளிப் போனார். நடுவிரல் இன்றும் முழுதாக மடங்கவில்லை.

பேட்டரி வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து என்பதால் பெற்றோரிடம் தனியாகச் சொல்கிறேன். சாதாரண லித்தியம் பாலிமர் பேட்டரியின் ஒவ்வொரு கலமும் முழுதாக ஏறும்போது 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் உள்ளே கெட்டுவிடும். கால்பங்கு மிச்சம் இருக்கும்போதே தரையிறக்குங்கள். பறந்து சூடாக வந்ததை உடனே சார்ஜில் போடாதீர்கள், ஆறவிடுங்கள். கட்டிலில், சோபாவில், இரவு முழுவதும் என்று சார்ஜ் போடாதீர்கள். சிமென்ட் தரையில், விழித்திருக்கும்போது மட்டும். பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல் இருக்கட்டும். பல நாள் பறக்கவிடப் போவதில்லை என்றால் பாதியளவு சார்ஜோடு வைத்துவிடுங்கள். அப்பளம் போல் உப்பிய பேட்டரி எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் அன்றோடு முடிந்தது. அதை அழுத்திப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

சட்டத்தைப் பற்றி என்னிடம் யாரும் முதலில் கேட்பதில்லை, மாட்டிக்கொண்ட பிறகுதான் கேட்கிறார்கள். 2021 ஆகஸ்ட்டில் வந்த ட்ரோன் விதிகள்படி 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கும், பொழுதுபோக்குக்காகப் பறக்கும் மைக்ரோவுக்கும் விமானி சான்றிதழ் தேவையில்லை. திருமணத்தில் கூலி வாங்கிப் பறக்கவிட்டால் அது தொழில். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோன் என்றால் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிறுவனத்தில் படித்துச் சான்றிதழ் பெற வேண்டும். அதற்கு 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் வேண்டும். நானோவுக்கு மேற்பட்டவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் தேவை. பறக்கும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தைத் திறந்து, நிற்கும் இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பாருங்கள். பச்சையில் 400 அடி வரை போகலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையிலான பகுதியில் 200 அடிதான். கோவையில் பீளமேடு விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் அருகருகே இருப்பதால், வீட்டு மொட்டைமாடிதானே என்று நினைத்துவிடாதீர்கள். விதிமீறலுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

அந்தத் தம்பியிடம் சான்றிதழ் இல்லை. தையல் பிரித்த மறுவாரம் வந்து, சிறு ட்ரோனில் தொடங்கினார். பதினோராம் நாள் காலையில், முகம் அவரைப் பார்த்தபடி இருக்க, சுண்ணாம்பு வட்டத்துக்கு மேலே ஒரு நிமிடம் நிறுத்தினார். மடங்காத நடுவிரலை ரிமோட்டுக்கு அடியில் நீட்டி வைத்துக்கொண்டு, இன்னொரு பேட்டரி இருக்கிறதா அண்ணா என்று கேட்டார்.