வழியில் தொலையும் வோல்ட்

இரவில் வண்டியைச் சுவரைப் பார்த்து நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டேன். பிறகு வலது இண்டிகேட்டரைத் தட்டினேன். அது எரியும் ஒவ்வொரு முறையும் வலது ஹெட்லைட் தூக்கக் கலக்கத்தில் கண் செருகுவதுபோல் தணிந்தது. அது அணைந்ததும் பளிச்சென்று விழித்துக்கொண்டது. ஹெட்லைட் மங்குகிறதே என்று அதற்குள் இரண்டு பல்புகளையும் மாற்றிவிட்டிருந்தேன், பேட்டரியையும் மாற்றிவிட்டிருந்தேன். இரண்டின் மீதும் குற்றமில்லை என்பதைச் சுவரில் ஆடிய அந்த வெளிச்சம் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டது.

ஹெட்லைட் மங்கினால் எல்லோரும் முதலில் பல்பைத்தான் சந்தேகிக்கிறார்கள். கைக்கு எட்டுவது அதுதானே. ஆனால் ஹாலஜன் பல்பு பெரும்பாலும் எரியும், இல்லாவிட்டால் எரியாது. இழை அறுந்து, முனைகள் ஒட்டியும் ஒட்டாமலும் ஆடுவது உண்டு. கண்ணாடியின் உட்புறம் கறுத்துப்போவதும் உண்டு. இரண்டும் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். மற்றபடி, மங்கல் என்பது பல்புக்கு வந்து சேர வேண்டிய மின்னழுத்தம் வழியில் எங்கோ தொலைகிறது என்பதற்கான அடையாளம்.

சிறிதளவு தொலைந்தாலே பெரிதாகத் தெரியும். பழைய வண்டிகளில் பரவலாக இருக்கும், லோ பீமுக்கும் ஹை பீமுக்கும் தனித்தனி இழை கொண்ட எச்4 பல்பை எடுத்துக்கொள்வோம். அதன் லோ பீமுக்குக் கணக்கிடப்பட்ட ஒளி 13.2 வோல்ட்டில் ஏறத்தாழ 1,000 லூமென். மின்னழுத்தம் 12 வோல்ட்டாக இறங்கினால் அது சுமார் 720 ஆகிவிடும். 11 வோல்ட்டில் பாதியை ஒட்டி வந்துவிடும். ஆறில் ஒரு பங்கு மின்னழுத்தம் குறைந்ததற்கு ஒளியில் கிட்டத்தட்ட பாதி போய்விடுகிறது. இழையின் சூடு தணியத் தணிய, அது உமிழும் ஆற்றலில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பின் பங்கு கூடிக்கொண்டே போவதுதான் காரணம். மங்கிய விளக்கு மஞ்சளடித்துத் தெரிவதும் இதனால்தான்.

சரி, வோல்ட் எங்கே தொலைகிறது? பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஃபியூஸ், சுவிட்ச், வயர் என்று பல்புக்கு வரும் பாதையைத்தான் நாம் கவனிக்கிறோம். திரும்பிப் போகும் பாதையும் அதே அளவுக்கு முக்கியம். அதற்கு முழு நீள வயர் கிடையாது. விளக்கின் பின்னால் ஒரு குட்டைக் கறுப்பு வயர் கிளம்பி, அருகில் பாடியின் இரும்பில் ஒரு போல்ட்டோடு முடிந்துவிடும். அங்கிருந்து பேட்டரியின் எதிர்முனை வரை பாடிதான் வயர். இந்தத் திரும்பும் பாதையைத்தான் எர்த் என்கிறோம். மழைத் தண்ணீரும் சேறும் தெறிக்கும் மூலையில் இருபது ஆண்டுகள் இருந்த போல்ட் அது. அடியில் துரு, வயர் முனையின் வளையத்தில் களிம்பு, சில வண்டிகளில் யாரோ அதன் மேலேயே அடித்துவிட்டுப் போன பெயின்ட்.

என் வண்டியில் ஹெட்லைட்டுக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே எர்த் போல்ட். 55 வாட் விளக்கு சுமார் நாலரை ஆம்பியர் இழுக்கும். 21 வாட் இண்டிகேட்டர் பல்பு இன்னும் ஒன்றே முக்கால் ஆம்பியரைச் சேர்க்கும். துருப்பிடித்த அந்தக் குறுகிய சந்தில் இரண்டும் நெருக்கியடித்துப் போகும்போது அங்கே தொலையும் வோல்ட் கூடுகிறது, ஹெட்லைட்டுக்கு மிஞ்சுவது குறைகிறது.

எர்த் முற்றிலும் விட்டுப்போனால் இன்னொரு வேடிக்கை நடக்கும். லோ பீம் இழை வழியாக வந்த மின்சாரம், இறங்க வழியில்லாமல், அதே பல்பின் ஹை பீம் இழையில் பின்னோக்கி ஏறி, அந்த வயர் வழியே மறுபக்க விளக்கைத் தேடிப் போகும். லோ பீமில் ஓட்டும்போதே டாஷ்போர்டில் ஹை பீமின் நீல விளக்கு லேசாக எரிந்தால், நேராக எர்த்தைப் போய்ப் பாருங்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஆனால் பெரும்பாலோர் தவறான நேரத்தில் அளக்கிறார்கள். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அளந்தால் 12.6 வோல்ட் முழுசாகக் காட்டும். வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் காட்டும். குழாயில் அடைப்பு இருப்பது, திறக்காதவரை தெரியாது அல்லவா? மின்சாரம் ஓடினால்தான் இழப்பு நடக்கும். எனவே பல்பு மாட்டியிருக்க வேண்டும், எரியவும் வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றதை ஹோல்டரின் பின்புறம் எர்த் வயர் நுழையும் இடத்திலும் வையுங்கள். நல்ல எர்த் என்றால் 0.1, மிஞ்சினால் 0.2 வோல்ட் காட்டும். எனக்குக் காட்டியது 1.3. பிறகு ஹோல்டர் பக்கத்து முனையை மட்டும் படிப்படியாகப் பேட்டரியை நோக்கி நகர்த்தினேன். வயரின் வளையத்தில் 1.3; ஒரு விரல் அகலம் தள்ளி, சுரண்டிய பாடியின் இரும்பில் 0.05. திருட்டு அந்த ஒரு விரல் அகலத்துக்குள்தான் நடந்துகொண்டிருந்தது.

நேர்முனைப் பக்கத்தையும் இதே முறையில் அளக்கலாம். பழைய வண்டிகள் பலவற்றில் இரண்டு விளக்குகளின் ஒன்பது ஆம்பியரும் டாஷ்போர்டு சுவிட்ச் வரை போய்த் திரும்புகிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில், ஒரு குறையும் இல்லாவிட்டாலும், ஐந்து மீட்டருக்கு அரை வோல்ட் போய்விடும். சுவிட்சின் தேய்ந்த தொடுமுனையில் 0.1 ஓம் மின்தடை சேர்ந்தால் இன்னும் 0.9 வோல்ட், அங்கே எட்டு வாட் வெப்பமாக மாறுகிறது. சூடு தொடுமுனையின் ஸ்பிரிங்கைத் தளர்த்தும், உலோகத்தைக் கறுக்கவைக்கும். அதனால் தடை கூடும், தடை கூடினால் சூடும் கூடும். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ தீய்ந்த வாசனை வந்தாலோ காத்திருக்க வேண்டாம். விளக்குக்கு அருகில் ஃபியூஸோடு ரிலே (சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) பொருத்தி, தடித்த வயரில் பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுப்பதுதான் சரியான மருந்து. சுவிட்சுக்கு அதன்பின் ரிலேயைத் தட்டி எழுப்பும் வேலை மட்டுமே.

இரண்டு விளக்குகளும் ஒன்றாக மங்கி, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் தெளிந்தால், கதை வேறு. ஹெட்லைட்டோடு எஞ்சினை ஓடவிட்டுப் பேட்டரியின் இரு முனைகளிலும் அளந்தால், பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். 13க்குக் கீழே போனால், தளர்ந்த பெல்ட், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் தேய்ந்த பிரஷ், செத்துப்போன டையோடு என்று தேட வேண்டும். 15ஐத் தாண்டினால், மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அப்போது விளக்கு பிரமாதமாக எரியும், சீக்கிரமே கருகும். ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிறேன் என்று ஓடும் எஞ்சினில் பேட்டரி வயரைக் கழற்றும் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. எகிறும் மின்னழுத்தத்தில் ரெகுலேட்டரும் ரேடியோவும் சேர்ந்தே போய்விடலாம்.

பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் சிமிட்டினால், தளர்ந்த ஹோல்டர் அல்லது பேட்டரி முனை. சில நொடிகள் அணைந்து தானே எரிந்து, மறுபடி அணைந்தால், ஃபியூஸுக்குப் பதில் சர்க்யூட் பிரேக்கர் வைத்த வண்டியாக இருக்கலாம்; அதிக மின்னோட்டத்தில் சூடேறி விலகுகிறது, ஆறியதும் சேர்கிறது. பழைய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில் ஹெட்லைட், பேட்டரியிலிருந்து அல்லாமல், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் மேக்னெட்டோவிலிருந்து நேரடியாக எரியும். நின்ற இடத்தில் அது மங்குவது பழுதே அல்ல, அதன் பிறவிக் குணம்.

எல்இடி மாட்டினால் தீர்ந்துவிடும் என்பார்கள். தீர்ந்ததுபோலத்தான் இருக்கும். பாதி மின்னோட்டம் என்பதால் துருப்பிடித்த போல்ட்டிலும் இழப்பு பாதியாகும்; போல்ட் அப்படியேதான் இருக்கும். போதாக்குறைக்கு, ஹாலஜனுக்கென்று வளைக்கப்பட்ட பிரதிபலிப்பானில் எல்இடியின் ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும்.

போல்ட்டைக் கழற்றி, அடியில் இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டேன். வளையத்தையும் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். மீட்டர் 0.06 காட்டியது. கழற்றி வைத்திருந்த பழைய பல்பை மாட்டி இண்டிகேட்டரைத் தட்டினேன். இண்டிகேட்டர் மட்டும்தான் சிமிட்டியது.