டூப்ளிகேட் புக்கை எழுத்தோட ஓரமே காட்டிக்கொடுத்துரும்

போன மாசம் ஆன்லைன்ல ஒரு இங்கிலீஷ் நாவல் பாதி விலைக்குக் கிடைக்குதேன்னு வாங்கினேன். வந்ததும் படிக்க உட்கார்ந்தா அரை மணி நேரத்துல கண்ணு எரிய ஆரம்பிச்சிருச்சு, எழுத்துப்பிழை ஒண்ணும் இல்ல, பக்கமும் விட்டுப்போகல, ஆனா எல்லாமே லேசா கலங்கின மாதிரி இருக்கு. லைப்ரரில இருந்து அதே புக்கை எடுத்துட்டு வந்து ரெண்டையும் பக்கத்துல வெச்சு, வாட்ச் ரிப்பேர் பண்றவங்க கண்ணுல மாட்டிக்கிற மாதிரி 10 மடங்கு லென்ஸ் ஒண்ணு வாங்கிப் பார்த்தேன். நான் வாங்கினதுல எழுத்தோட ஓரமெல்லாம் எலி கடிச்ச மாதிரி இருந்துச்சு.

ஏன்னா டூப்ளிகேட் புக்ல நாம படிக்கிறது எழுத்தோட போட்டோவைத்தான். பதிப்பகம் பிரஸ்ஸுக்கு அனுப்புற ஃபைல்ல ஒவ்வொரு எழுத்தும் கோடு, வளைவுன்னு கணக்கா இருக்கும், எவ்வளவு பெருசாக்கினாலும் உடையாது. ப்ளேட், அதாவது அச்சடிக்கிற தகடு போடுற மெஷின் அதை லேசர் வெச்சு பெரும்பாலும் இன்ச்சுக்கு 2400 புள்ளிங்கிற நுணுக்கத்துல பதிக்கும். திருட்டுத்தனமா அடிக்கிறவங்க கையில அந்த ஃபைல் இருக்காது, கடையில ஒரு புக் வாங்கி முதுகை வெட்டி ஒவ்வொரு பக்கமா ஸ்கேன் பண்ணுவாங்க. 11 பாயிண்ட் எழுத்தை எடுத்துக்கோங்க, ப்ளேட்ல அதோட உயரத்துக்கு சுமார் 366 புள்ளி கிடைக்குது, அதையே 300 டிபிஐல, அதாவது இன்ச்சுக்கு 300 புள்ளில ஸ்கேன் பண்ணா வெறும் 46 தான்.

இன்னொரு விஷயமும் இருக்கு. கறுப்பு எங்க முடியுது, வெள்ளை எங்க ஆரம்பிக்குதுன்னு ஸ்கேனருக்கு துல்லியமா சொல்லத் தெரியாது, அதனால ஓரத்தை சாம்பலா பதிஞ்சு வெச்சிரும். ஆனா பிரஸ்ல ஓடுறது கறுப்பு மை மட்டும்தான், சாம்பல் வேணும்னா அதைக் குட்டிக் குட்டிப் புள்ளியாத்தான் அடிச்சாகணும், அந்தப் புள்ளிங்கதான் ஓரத்தைச் சுத்தி பிசிறா தெரியுது. இது வேண்டாம்னு சுத்தமா கறுப்பு வெள்ளையா மாத்தினாங்கன்னா எழுத்து தடிச்சுப்போகும், இல்லன்னா மெலிஞ்சு அறுந்துபோகும். இங்கிலீஷ் 'e' எழுத்தோட கண்ணு, அதாவது உள்ள இருக்கிற ஓட்டை அடைஞ்சிரும். தமிழ் புக்னா இன்னும் பாவம், 'ண', 'ஜ' எல்லாத்துலயும் சுழி அடைஞ்சுபோகும், மெய்யெழுத்து மேல இருக்கிற புள்ளி சில இடத்துல காணாமலே போயிரும்.

அட்டையில இது இன்னும் பளிச்சுன்னு தெரியும். பின்னட்டைல விலை, குறிப்புன்னு பொடி எழுத்து இருக்குமே, ஒரிஜினல்ல அது பெரும்பாலும் தனிக் கறுப்பு மைல அடிச்சது. டூப்ளிகேட்ல மொத்த அட்டையும் ஒரே படமா மாறிட்டதால அந்தக் கறுப்பைக்கூட நாலு கலரையும் கலந்துதான் அடிப்பாங்க, லென்ஸ்ல பார்த்தா எழுத்தைச் சுத்தி நீலம், ரோஸ், மஞ்சள் புள்ளி சிதறிக் கிடக்கும். போட்டோ இருந்தா அதுலயும் கவனிங்க, அச்சடிச்ச போட்டோவே புள்ளிகளால ஆனது, அதை ஸ்கேன் பண்ணி திரும்பப் புள்ளியாக்கும்போது ரெண்டு கொசுவலையை ஒண்ணுமேல ஒண்ணு போட்டா தெரியுமே அந்த மாதிரி அலை அலையா கோடு விழும்.

ஒரிஜினல் ஃபைலே வெளிய கசிஞ்சிருந்தா எழுத்து சுத்தமாத்தான் இருக்கும், அப்ப பேப்பரைத்தான் பார்க்கணும். என்சிஇஆர்டி பாடப்புத்தகத்துல 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பர் 80 கிராம்), வாட்டர்மார்க் பேப்பர்னு உள்ளயே போட்டிருப்பாங்க. வாட்டர்மார்க் மைல அடிக்கிறது கிடையாது, பேப்பர் கூழ் ஈரமா இருக்கும்போதே உருவம் வெச்ச உருளையை அது மேல ஓட்டுவாங்க, அந்த இடத்துல நார் விலகி மெலிசாகும், அதனால வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா மட்டும் பளிச்சுன்னு தெரியும். மேஜைல சும்மா வெச்சிருக்கும்போதே அந்த அடையாளம் நல்லா தெரிஞ்சா யாரோ வெளிறின மைல அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

ஐஎஸ்பிஎன்னு ஒவ்வொரு புக்குக்கும் கொடுக்கிற அடையாள நம்பரை நம்பிராதீங்க. கடைசி இலக்கம் சரியான்னு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்தான், ஆனா அட்டையோட சேர்த்து நம்பரும் காப்பி ஆகுறதால கணக்கு எப்பவும் சரியாத்தான் வரும். பைண்டிங்கும் அப்படித்தான், பாரம் பாரமா மடிச்சுத் தைச்சிருந்தா நல்லது, ஆனா பசை மட்டும் போட்ட ஒரிஜினலும் நிறைய வருது.

எனக்கு ரொம்ப மனசு கஷ்டமான விஷயம், அந்த நாவலுக்கு நான் கொடுத்த காசுல எழுதினவருக்கு ஒரு பைசாகூடப் போயிருக்காது. 1957 காப்பிரைட் சட்டத்தோட 63-வது பிரிவுல இப்படித் திருட்டுத்தனமா அடிச்சு விக்கிறதுக்கு 6 மாசத்துல இருந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில்னு இருக்கு, அப்படியும் பிளாட்பாரத்துல அடுக்கி வெச்சு விக்கிறாங்க.

ஒரு விஷயத்துல மட்டும் அவசரப்பட்டுராதீங்க. இப்ப சில பதிப்பகங்களே ஆர்டர் வந்தா மட்டும் டிஜிட்டல் மெஷின்ல அஞ்சு பத்து காப்பி அடிக்கிறாங்க, அதுல டோனர்ங்கிற மைத்தூள் பேப்பர் மேல படிஞ்சு லேசா மினுக்கும், ஜெராக்ஸ் மாதிரியே இருக்கும். அந்த மினுக்கலைப் பார்த்து டூப்ளிகேட்னு முடிவு பண்ணாம லென்ஸை எடுத்து எழுத்தோட ஓரத்தையும் சுழியையும் பாருங்க, ஓரத்துல டோனர் தூள் ஒண்ணு ரெண்டு சிதறியிருக்கும், ஆனா கோடு முழுசா இருக்கும், சுழி திறந்தே இருக்கும்.