பச்சைக் குளமும் பக்கத்து வீட்டு விலையும்

2007 கோடையில் கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு நகரை வானிலிருந்து படம் எடுத்தபோது, வீடுகளுக்குப் பின்னால் நீலமாக மின்ன வேண்டிய நீச்சல்குளங்களில் பல பச்சையாகத் தெரிந்தன. கடன் தவணை நின்றுபோன வீடுகள். குளோரின் போட ஆள் இல்லை. பாசி பிடித்தது, பாசியில் கொசு முட்டையிட்டது. அந்தக் கோடையில் அங்கே வெஸ்ட் நைல் வைரஸ் காய்ச்சல் 276 சதவீதம் கூடியதையும் இந்தக் குளங்களையும் ஆய்வாளர்கள் சேர்த்தே பேசினார்கள். ஒருவர் கட்டாத தவணைக்கு அடுத்த வீட்டுக்காரர் காய்ச்சலில் படுக்கிறார். வீட்டு விலையிலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

முதலில் ஒரு சொல் குழப்பம். இப்படித் தவணை நின்று வீடு பறிபோவதை அமெரிக்காவில் ‘ஃபோர்குளோஷர்’ என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்குக் கடனை முன்கூட்டியே அடைப்பது நினைவுக்கு வரலாம். இங்கே அது ஜப்தி. அமெரிக்காவில் மாதத் தவணை தொடர்ந்து தவறினால் வீடு ஏலத்துக்குப் போகும். தனக்கு வர வேண்டிய பாக்கித் தொகை வரைக்கும் வங்கியே ஏலம் கேட்கலாம். வீட்டின் மதிப்பு பாக்கியைவிடக் குறைந்துவிட்டால் வேறு யார் கேட்பார்கள்? வீடு வங்கியின் தலையில் விழும். ‘ஆர்ஈஓ’ என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வது இதைத்தான்.

வங்கிக்குக் கடன் கொடுக்கத் தெரியும், குடியிருக்கத் தெரியாது. குளிர் மாநிலங்களில் காலி வீட்டைப் பூட்டி வைப்பதே தனி வேலை. குழாய்களில் உள்ள தண்ணீரை முழுக்க வடித்து, காற்றடித்து ஊதி, கழிப்பறைக் கோப்பையில் உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை ஊற்றிவிட்டு வர வேண்டும். மறந்தால் தண்ணீர் பனிக்கட்டியாகி விரிந்து குழாயைப் பிளக்கும். பனி உருகும்போது கூரை ஒழுகும். அப்புறம் செப்புக் குழாய்க்காகவே சுவரை உடைக்கும் திருடர்கள் வேறு.

இதெல்லாம் விலையில் தெரியாமல் இருக்குமா? மாசசூசெட்ஸில் 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வீட்டு விற்பனைகளை அலசிய ஜான் கேம்ப்பெல், ஸ்டெஃபனோ ஜிக்லியோ, பராக் பாத்தக் ஆகியோரின் 2011 ஆய்வு, ஜப்தி வீடுகள் சராசரியாக 27 சதவீதம் மலிவாகப் போனதாகக் காட்டியது. அது வங்கியின் நஷ்டம். சுமார் 80 மீட்டருக்குள் இருக்கும் இன்னொரு வீட்டின் விலையும் ஏறக்குறைய 1 சதவீதம் இறங்கியது என்பதுதான் அக்கம்பக்கத்தாரின் நஷ்டம். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஒரே தெருவில் இப்படி நாலைந்து வீடுகள் இருந்தால் அப்படித் தோன்றாது.

இறக்கம் எந்த வழியாகப் பரவுகிறது? பார்வைக்கு அசிங்கம் என்பது ஒரு வழி. வங்கி வீடும் அதே வாங்குபவரைத் தேடிப் போட்டிக்கு நிற்பது இன்னொன்று. எனக்குச் சுவாரசியமானது மூன்றாவது: மதிப்பீட்டாளர். ஒரு வீட்டுக்குக் கடன் தருமுன் வங்கி அனுப்பும் இவர், பக்கத்தில் அண்மையில் விற்ற மூன்று நான்கு வீடுகளை ஒப்பிட்டுத்தான் மதிப்புப் போடுகிறார். நீங்களும் வாங்குபவரும் 2,00,000 டாலருக்குப் பேசி முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பீட்டில் 1,46,000-க்கு விற்ற ஜப்தி வீடு ஒன்று நுழைந்ததால் மதிப்பு 1,80,000 என்று வருகிறது. கடன் அந்த மதிப்புக்குத்தான் கிடைக்கும். மிச்சத்தை வாங்குபவர் கையிலிருந்து போட வேண்டும், இல்லையென்றால் நீங்கள் இறங்க வேண்டும். நீங்கள் இறங்கி விற்ற விலை அடுத்த மதிப்பீட்டாளரின் காகிதத்தில் ஏறுகிறது. இப்படியே போனால் தவணையை ஒழுங்காகக் கட்டுபவரின் வீடும் கடனைவிட மலிவாகிவிடும். அவருக்கு வேலை போனால், வீட்டை விற்றுக் கடனை அடைக்கும் வழியும் அடைபட்டிருக்கும். ஏலத்துக்கு இன்னொரு வீடு தயார். லாஸ் வேகாஸில் 2006-க்கும் 2012-க்கும் இடையே விலை சுமார் 60 சதவீதம் சரிந்தது. அதற்குக் காரணங்கள் பல. இந்தச் சுழலும் அதில் ஒன்று.

பழி முழுவதையும் வங்கி மேல் போடவும் முடியாது. அட்லாண்டா ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் கிறிஸ்டோஃபர் ஜெரார்டியும் உடன் ஆய்வாளர்களும் பார்த்தபோது, அக்கம்பக்கத்து விலை மிக அதிகம் அடிவாங்கியது வீடு வங்கியிடம் போவதற்கு முன்புதான். யோசித்தால் ஆச்சரியமில்லை. எப்படியும் கைவிட்டுப் போகும் வீட்டுக்கு யார் பெயிண்ட் அடிப்பார்கள்? வங்கி புதியவருக்கு விற்று ஓராண்டு ஆனதும் பாதிப்பு ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆக, ஜப்தியை இழுத்தடிப்பது அக்கம்பக்கத்துக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் குடும்பத்துக்கு அந்த அவகாசம் உயிர்மூச்சாக இருக்கலாம். அது வேறு கணக்கு.

சரி, வாங்க ஆளே இல்லாத ஊரில்? ஓஹையோவின் கிளீவ்லாந்து வட்டாரத்தில் அந்த நிலைதான் வந்தது. 2009-ல் தொடங்கிய கயஹோகா கவுண்டி நில வங்கி, தேறாத வீடுகளைக் கையகப்படுத்தி இடிக்க ஆரம்பித்தது. வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே நிறுவனம் தன்னிடமிருந்த மலிவான வீடுகளை ஒரு டாலருக்குக் கொடுத்து, இடிக்கும் செலவிலும் பங்கு போட்டது. காலியான மனைகள் சில பக்கத்து வீட்டுக்காரர்களிடமே போயின, தோட்டத்தைக் கொஞ்சம் அகலமாக்கிக்கொள்ள.